முனியாண்டிக்கு ஒரு சுருட்டு

5 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

இன்று கவுண்டரில் வந்த கேள்விகள்: முதலை எத்தனை மணிக்கு வரும்? நடைபாதை முழுக்க ஏர்கோன் உண்டா? காட்டுக்குள் போகாமல் காட்டைப் பார்க்க வழி இருக்கிறதா?

கடைசிக் கேள்வியைக் கேட்டவர் சுபாங் ஜெயாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தார். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய படத்தைக் காட்டினேன். ஐந்து பேரும் வரிசையாக நின்று பார்த்தார்கள், அதன் முன்னால் செல்பி எடுத்தார்கள், நன்றி சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். பதினோரு வருட வேலையில் இவ்வளவு சுலபமாக யாரும் திருப்தி அடைந்ததில்லை.

மாலையில் எங்கள் மலாய் மேலாளர் புவான் நோராய்னி கூப்பிட்டார். பாயா தெனாங் தேசியப் பூங்காவுக்குப் புதிதாக ஒரு காட்சிக்கூடம் கட்டினார்களே, அது அடுத்த மாதம் திறப்பு விழாவாம். பறவைக்கு ஒரு சுவர், மரத்துக்கு ஒரு சுவர், இந்தக் காட்டில் இதுவரை பிடித்த தீயின் வரலாற்றுக்கு ஒரு சுவர். தீச்சுவர் என் பொறுப்பாம். பெரிய தீ பிடித்தபோது வேலைக்கு வந்தவள் நீதானே வீரம்மா, உன்னைவிட யாருக்குத் தெரியும் என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

6 ஆகஸ்ட்

தூக்கமே இல்லை. என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி மட்டும் தன் லோரி இன்ஜின் மாதிரி குறட்டை விட்டார்.

8 ஆகஸ்ட்

பழைய அறிக்கைகளை எடுத்து மேசையில் பரப்பினேன். 1997: பக்கத்து நிலத்தைச் சுத்தம் செய்தவர்கள் குப்பையைக் கொளுத்தியது. 2005: கூடாரம் போட்டவர்கள் சோறாக்கிவிட்டு அணைக்காமல் போன அடுப்பு. 2014: பதினான்கு ஹெக்டர், பத்தொன்பது நாள். காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி.

புவான் நோராய்னி அதை விரலால் தட்டினார். வருகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள், கண்டுபிடித்துப் போட்டுவிடுங்கள் என்றார்.

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? காரணம் நான்தான்.

எழுதிவிட்டேன். இந்த நோட்டைப் புடவைகளுக்கு அடியில் வைக்க வேண்டும்.

9 ஆகஸ்ட், சனி

ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன்.

2014 பிப்ரவரி. இந்தக் கவுண்டர் வேலைக்கு நேர்முகம் முடிந்து இரண்டு மாதம், பதில் இல்லை. அப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை. கால் வீங்கி, இடது செருப்பின் வார் அறுந்து, அதையே இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எதிர்வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னார். பூங்காவின் தென்கோடியில், பழைய எஸ்டேட் எல்லையில், மரத்தடியில் ஒரு முனியாண்டி இருக்கிறார். அந்த வட்டாரத்துக்கே அவர்தான் காவல். அவர் எல்லைக்குள்ளே வேலை கேட்கிறாய், அவரைக் கேட்காமல் ஆபீஸில் கேட்டால் எப்படிக் கிடைக்கும்? நியாயமாகத்தான் பட்டது.

ஒன்பதாம் தேதி, ஞாயிறு, பஸ் பிடித்துப் போனேன். எலுமிச்சம்பழம், ஒரு டின் பீர், பக்கிரிசாமி வாங்கி வந்த சுருட்டு. சுருட்டு பற்றவே இல்லை. அணைந்த சுருட்டைச் சாமிக்கு வைத்தால் மரியாதையா? நானே வாயில் வைத்து இழுத்தேன். இருமல், கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். நன்றாகக் கனிந்ததும் காலடியில் வைத்து, வேலை வேண்டும் சாமி என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அந்த அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

இந்தக் காட்டில் தரை என்பது மண் இல்லை. ஆயிரக்கணக்கான வருடம் மக்கிய இலையும் வேரும்தான். மழைக்காலத்தில் சேறு, காய்ந்துவிட்டால் அத்தனையும் விறகு. மேலே ஒன்றுமே தெரியாது, அடியில் கனிந்துகொண்டே போகும். அந்த மாதம் கிள்ளான் பக்கம் சொட்டு மழை இல்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது நான் பிளாஸ்டிக் வாளி அடுக்குகிறவள், எனக்கென்ன தெரியும்?

பதினைந்தாம் தேதி புகை கிளம்பியது. பூங்காவை மூடினார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். ஆபீஸ் போன் ஓயாமல் அடிக்க, எடுக்க ஆளில்லை. பதினேழாம் தேதி எனக்கு அழைப்பு: நாளைக்கே வேலைக்கு வர முடியுமா? அழுதுகொண்டே முனியாண்டிக்கு நன்றி சொன்னேன். என் முதல் வேலை, போனை எடுத்து, தீக்குக் காரணம் விசாரணையில் உள்ளது என்று சொல்வது. ஒரு நாளைக்கு அறுபது தடவை சொன்னேன். மூன்றாம் நாள்தான் சுவரில் வரைபடம் மாட்டினார்கள். தீ ஆரம்பித்த இடத்தில் சிவப்புக் குண்டூசி. முனியாண்டி மரத்தின் மேலேயே குத்தியிருந்தது.

மனிதர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மரம் சாய்ந்துவிட்டது, சாமிக் கல் மட்டும் அப்படியே நின்றது. கல்லுக்கு மேலே இப்போது தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் அதற்குப் பிறகு போகவே இல்லை. எந்த முகத்தோடு போவது?

12 ஆகஸ்ட்

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. புவான் நோராய்னி எனக்கு உதவிக்கு ஆள் வரவழைத்திருக்கிறார். தங்கரத்தினம் சார், எழுபத்து நான்கு வயது, வனத்துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், பிரிக்ஃபீல்ட்ஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரயிலில் கிள்ளான் வந்து இறங்கினார். எங்கள் ரேஞ்சர் இர்ஃபான் போய் அழைத்து வந்தான். கையில் சொந்தத் தேநீர்க் குடுவை, சொந்த அடிக்கோல், தலையணை அளவு பைல்.

2014 அறிக்கையை எழுதியது இவர்தானாம். தன் வேலைக்காலம் முழுவதிலும் போட்ட ஒரே கேள்விக்குறி அது, சாவதற்கு முன்னால் அழித்துவிட்டுப் போகவேண்டும் என்றார். சொல்லிவிட்டு மிக அமைதியாகத் தேநீர் குடித்தார். எனக்குத்தான் குடிக்காமலே புரையேறியது.

14 ஆகஸ்ட்

அந்தத் தலையணைக்குள் என்னென்ன வைத்திருக்கிறார்! கருகிய பீர் டின்னின் படம். சுருட்டைச் சுற்றியிருந்த காகிதத்தின் துணுக்கு. அதோடு, கால்வாய் ஓரத்து ஈரச் சேற்றில் இருந்த காலடிக்குச் சுண்ணாம்பு ஊற்றி வார்த்தெடுத்த அச்சு. பதினோரு வருடமாகத் தன் வீட்டு அலமாரியில் வைத்திருந்தாராம். அவர் மனைவி அதன்மேல் பூச்சாடி வைப்பாராம்.

இவற்றையெல்லாம் வைத்துக் குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று எழுதியிருக்கிறார். ஆண். வயது ஐம்பதுக்கு மேல். குடிகாரன், புகைப்பவன், அநேகமாகத் திருட்டு வேட்டைக்காரன். இடது கால் ஊனம். சேற்றில் கால் இறங்கிய ஆழத்தைப் பார்த்தால் எடை தொண்ணூற்றைந்து கிலோ.

தொண்ணூற்றைந்தா?

நான் அப்போது அறுபத்தெட்டு. அறுபத்தெட்டுதான் இருந்தேன். சேறு இளகலாக இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

15 ஆகஸ்ட்

இர்ஃபானின் சாமான் நிறுக்கும் தராசில் ஏறினேன். இறங்கிவிட்டேன்.

18 ஆகஸ்ட்

தாங்க முடியாமல் பக்கிரிசாமியிடம் சொல்லிவிட்டேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: சுருட்டு வாங்கிக் கொடுத்தது அவர்தானே, அப்படியென்றால் அவரையும் உள்ளே போடுவார்களா? கட்டிய பெண்டாட்டி காட்டையே எரித்திருக்கிறாள், மனுஷனுக்கு அவர் கவலை. பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, பேசாமல் இரு, பதினோரு வருஷம் ஓடிப்போச்சு, யாரு கேட்டாங்க என்றார்.

அதுவும் சரிதான். யாருக்கு நஷ்டம்? கேள்விக்குறி கேள்விக்குறியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

26 ஆகஸ்ட்

நஷ்டம் யாருக்கு என்று இன்றைக்குத் தெரிந்தது.

பூங்கா வாசலில் இளநீர் விற்கும் பழனியப்பன் அண்ணன். எஸ்டேட்டில் வேலை செய்தவர், அந்தப் பக்கத்தில்தான் வீடு. இடது கால் விந்தும். சுருட்டு பிடிப்பார். ஆளும் நல்ல வாட்டசாட்டம். தங்கரத்தினம் சார் இன்று இளநீர் குடிக்கப் போனவர், குடிப்பதை நிறுத்திவிட்டு அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, நீர் 2014 பிப்ரவரியில் எங்கே இருந்தனீர் என்று விசாரித்திருக்கிறார்.

28 ஆகஸ்ட்

நிரூபணமானால் பழனியப்பன் அண்ணனின் கடை உரிமத்தை ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று புவான் நோராய்னி வருத்தத்தோடு சொன்னார்.

இதில் கொடுமை என்னவென்றால் அண்ணனே நம்ப ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அப்ப நான் ரொம்பக் குடிப்பேன் தங்கச்சி. செஞ்சிருந்தாலும் ஞாபகம் இருக்காதுல்ல?" என்றார். எனக்கு ஓர் இளநீரும் கொடுத்துவிட்டுப் போனார்.

குடிக்கல. மேசையிலேயே வச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். நீ எல்லாம் ஒரு பொம்பளையாடி வீரம்மா?

1 செப்டம்பர்

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

2 செப்டம்பர்

சொல்லவில்லை. பேருந்து நிறைய மாணவர்கள் வந்திருந்தார்கள். சாக்குத்தான்.

3 செப்டம்பர், புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ஆபீஸில் கூட்டம். புவான் நோராய்னி, தலைமையகத்திலிருந்து இரண்டு பேர், இர்ஃபான், நான். மேசைக் கோடியில் பழனியப்பன் அண்ணன், தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு. தங்கரத்தினம் சார் எழுந்து நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். சுருட்டு, பீர், கால். படிக்கப் படிக்க அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இப்போது சொல், இப்போது சொல் என்று மனது அடிக்கிறது, வாய் திறக்கவில்லை. உரிமம் ரத்து என்று தலைமையகத்துக்காரர் எழுதப் பேனாவை எடுத்தார். அப்போதும் நான் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகத் தங்கரத்தினம் சார் அந்தச் சுண்ணாம்புக் காலை மேசையில் வைத்தார். அளவு வேண்டுமானால் ஒத்துப்போகாமல் இருக்கலாம், சேறு சுருங்கும், ஆனால் எடை பொய் சொல்லாது, தொண்ணூற்றைந்து கிலோவுக்கு ஒரு பிடி குறையாது என்றார்.

"அறுபத்தெட்டு," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தக் கால் என்னோடது சார். அறுபத்தெட்டு கிலோதான் இருந்தேன். சுருட்டு வச்சதும் நான்தான்."

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பொய். கிலோவுக்காகத்தான் வாய் திறந்தது. திறந்த பிறகு மற்றதெல்லாம் தானாகக் கொட்டியது: வேலை, எதிர்வீட்டு அக்கா, அறுந்த செருப்பு, இருமல், திரும்பிப் பார்க்காதது. பாதி மலாய், பாதி தமிழ், பாதி அழுகை. இர்ஃபான் புவானுக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டான்.

தங்கரத்தினம் சார் என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பேனா மூடியைத் திறந்தார்.

"எத்தினை மணிக்குப் பத்த வச்சனீர், பிள்ளை?"

மூன்றரை இருக்கும், நான்கு மணி பஸ்ஸைப் பிடித்தேன் என்றேன். எழுதிக்கொண்டார். கேள்விக்குறியை ஒரு கோட்டால் அடித்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பழனியப்பன் அண்ணன் முகத்தில் நிம்மதியோடு கொஞ்சம் ஏமாற்றமும் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

4 செப்டம்பர்

புவான் நோராய்னி தலைமையகத்துக்கு எழுத வேண்டும், வேறு வழியில்லை என்றார். பதில் வரும்வரை கவுண்டரில் உட்காரலாமாம். வேலை போய்விடும். போகட்டும், இந்த வயசில் மறுபடியும் வாளி அடுக்கத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

8 செப்டம்பர்

பதில் இல்லை. வீட்டில் பக்கிரிசாமி சுருட்டு வாங்கின கடைப் பெயரை மறந்துவிட்டதாக நானே கேட்காமல் மூன்று முறை சொன்னார்.

11 செப்டம்பர்

வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் நான் பூங்கா ஊழியர் இல்லை, தானாக முன்வந்து ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதனால் வேலைக்கு ஆபத்தில்லை. ஓர் எச்சரிக்கைக் கடிதம், இரண்டு நிபந்தனை. ஒன்று, சுவரில் உண்மைக் காரணத்தைப் போட வேண்டும். இரண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பதினொரு மணிக்குத் தீச்சுவர் முன்னால் நின்று நடந்ததை நானே வருகையாளர்களுக்குச் சொல்ல வேண்டும்.

என்னை வேலையை விட்டே தூக்கியிருக்கலாம்.

13 செப்டம்பர், சனி

திறப்பு விழா. சொன்னேன். முப்பது பேர் நின்றார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் 1997-ஐப் பார்த்துக்கொண்டு பேசினேன். ஒருவர் சிரித்தார், ஒரு சீனப் பாட்டி என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். தங்கரத்தினம் சார் முன்வரிசையில் உட்கார்ந்து, மணி மூன்றரை என்று சொல்ல மறந்ததைத் திருத்தினார்.

4 அக்டோபர்

நான்கு வாரம். பழகிவிட்டது. வெட்கம் பாதியாகிவிட்டது, இப்போது இருமுகிற இடத்தில் இருமிக்கூடக் காட்டுகிறேன். இர்ஃபான் சொல்கிறான்: அக்கா, நீங்க நடிக்கப் போயிருக்கணும் லா.

11 அக்டோபர், சனி

ஒரு விஷயம் இடிக்கிறது. கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. இன்று நூற்றுப் பத்து பேர், பாதிக்கு மேல் தமிழர்கள். பேசி முடித்ததும் தீயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது இதுதான்: அந்த முனியாண்டி கோயிலுக்கு எப்படிப் போவது? எத்தனை நாளில் வேலை கிடைத்தது? எந்த பிராண்ட் சுருட்டு?

18 அக்டோபர்

ஐயோ! ஐயோ! ஐயோ!

தெற்கு நடைபாதையில் வரிசை நிற்கிறது. கையில் சுருட்டு, பையில் பயோடேட்டா. எட்டே நாளில் அரசாங்க வேலை வாங்கிக் கொடுத்த முனியாண்டி என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்களாம். கூடவே என் படம், வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். காட்டை எரித்த கதையைச் சொல்லி இனிமேல் யாரும் எரிக்காமல் பார்த்துக்கொள் என்று நிறுத்தினார்கள். நான் விளம்பரம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

வருகையாளர் எண்ணிக்கை மூன்று மடங்கு என்று புவான் நோராய்னிக்குத் தலைமையகத்திலிருந்து பாராட்டுக் கடிதம்.

நவம்பர்

மழை. கொட்டுகிறது. சுருட்டெல்லாம் நமுத்துப்போய் அணைகிறது. மழைக்கு இப்படி ஒரு நன்றியை நான் சொன்னதே இல்லை.

7 பிப்ரவரி 2026, சனி

தைப்பூசம் முடிந்தது, மழையும் முடிந்தது. மூன்று வாரமாகச் சொட்டு இல்லை. காலையில் இர்ஃபானும் நானும் போய்ப் பார்த்தோம். பன்னிரண்டு வருடம் கழித்து முதல்முறை அந்தக் கல்லின் முன்னால் நின்றேன். காலடியில் நாற்பத்து மூன்று சுருட்டுத் துண்டு. கும்பிடக் கை வரவில்லை, பொறுக்கத்தான் வந்தது.

கல்லுக்குப் பின்னால் தரை ஒரு முறம் அகலத்துக்குக் கறுத்திருந்தது. இர்ஃபான் கையை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்தான். சூடு. தோண்டினால் உள்ளே சிவப்பாகக் கண் விழித்தது. பம்ப் வைத்து இரண்டு மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள். தங்கரத்தினம் சார் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாடகைக் காரில் வந்துவிட்டார், எழுபத்து நான்கு வயதில் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துப் பார்த்தார். அணைந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் அணைத்திருக்க முடியாது என்றார்.

பதினொரு மணிக்கு நான் கதை சொல்லவில்லை. கத்தினேன். இனிமேல் சுருட்டு வைக்கலாம், பற்ற வைக்கக் கூடாது, மீறினால் நானே பிடித்து அந்தக் கால்வாயில் தள்ளுவேன் என்று கத்தினேன். தகவல் கவுண்டர் ஊழியர் அப்படிப் பேசக் கூடாது என்று எங்கேயோ விதி இருக்கும்.

21 பிப்ரவரி, சனி

வாசலில் நின்று லைட்டர், தீப்பெட்டி எல்லாம் வாங்கி வைக்கிறேன். இதுவரை அறுபத்திரண்டு. ஒருவரும் சும்மா கொடுப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை.

இன்றைக்குப் பெரிய சண்டை பூச்சோங்கிலிருந்து வந்த ஓர் அக்காவோடு. மகள் விஷ்ணுப்ரியா ஆசிரியர் வேலைக்கு நேர்முகம் போய் மூன்று மாதமாகப் பதில் இல்லை, பிள்ளை சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வருவதில்லை. அம்மா சுருட்டோடு வந்துவிட்டார். பத்த வைக்காத சுருட்டை வைத்துச் சாமி என்ன செய்யும், காதில் சொருகிக்கொள்ளுமா என்று கேட்டார். இத்தனை பெரிய காட்டைக் காவல் காக்கிற சாமிக்கு ஒரு தீக்குச்சி கிடைக்காதா என்று நானும் கேட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மட்டும் பத்த வச்சு வேலை வாங்கிக்கிட்ட. எம் பிள்ளைக்கு வரும்போது சட்டம் பேசுற."

அவர் சொன்னது உண்மைதானே? அந்த இடத்தில் நான் இருந்தால் லைட்டரைக் கொடுத்திருப்பேனா? ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. பற்ற வைக்காத சுருட்டையே வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். கிடைக்காவிட்டால் உன்னைத்தான் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

22 பிப்ரவரி

முனியாண்டி, அந்த விஷ்ணுப்ரியா பிள்ளைக்கு எப்படியாவது வேலை கொடுத்துவிடு. எனக்காக.

2 மார்ச்

யாரென்றே தெரியாத பெண்ணுக்காகத் தினமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். பக்கிரிசாமி, சொந்தக்காரப் பிள்ளையா என்று கேட்கிறார்.

12 மார்ச், வியாழன்

பூச்சோங் அக்கா வந்தார். தூரத்தில் பார்த்ததும் கவுண்டருக்குக் கீழே குனிந்துவிட்டேன். பிறகுதான் கையில் லட்டு டப்பாவைப் பார்த்தேன். விஷ்ணுப்ரியாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஏப்ரலில் சேர வேண்டும், பிள்ளை பழையபடி சாப்பிடுகிறாள். சாமி காலடியில் வைத்து எடுக்க நியமனக் கடிதத்தையே கொண்டுவந்திருந்தார். எனக்கும் காட்டினார். நானும் ஆசையாக வாங்கிப் படித்தேன்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி: பதினாறு பிப்ரவரி. அக்கா சுருட்டு வைத்தது இருபத்தொன்றாம் தேதி. அக்கா, இது நீங்க இங்க வர்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே கையெழுத்தாயிருச்சே, தபால்தான் லேட்டு என்றேன். அக்கா அசரவே இல்லை.

"நான் வருவேன்னு சாமிக்கு முன்னாடியே தெரியாதா?"

லட்டை என் கையில் திணித்துவிட்டு நடைபாதையில் இறங்கிப் போய்விட்டார்.

லட்டு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்று தெரியாமலே எழுந்து புவான் நோராய்னியிடம் போய், என் வேலைப் பைலைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். பன்னிரண்டு வருடமாக அதைத் திறக்க எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. எடுத்துக் கொடுத்தார்.

அடியிலிருந்த தாள். வீரம்மா, தகவல் கவுண்டர், நியமனத்துக்கு ஒப்புதல். அப்போதைய மேலாளரின் கையெழுத்து. 5 பிப்ரவரி 2014. அதற்குக் கீழே, கடிதம் அனுப்பவும் என்று பென்சிலில் ஒரு வரி. யாரும் அனுப்பவில்லை. தட்டிலேயே கிடந்திருக்கிறது.

நான் பத்த வச்சது ஒம்பதாந்தேதி.

நாலு நாள். நாலு நாள் முன்னாடியே எனக்கு வேலை கெடச்சிருச்சு. இத்தனை வருஷமா, காடு எரிஞ்சாலும் என் வயித்துக்காகத்தானே எரிஞ்சுச்சுன்னு உள்ளுக்குள்ள ஒரு சமாதானம் வச்சிருந்தேன். அதுவும் இல்ல. பதினாலு ஹெக்டர் ஒண்ணுத்துக்கும் இல்லாம எரிஞ்சிருக்கு.

அழுதேன். புவான் நோராய்னி எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது முடித்ததும் அந்தத் தாளுக்கு ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.